விளக்குப் பிடித்தவன்

கோணமலையைக் குடைந்த சிறைக்கு எழுபத்திரண்டு படி.
எண்ணியவன் நான்.
அரசனுக்கு எண்ணும் வேலை இல்லை;
கால் வைக்கும் இடத்தில் வெளிச்சம் இருக்கும்,
அவ்வளவே அவன் அறிந்த படிகள்.

வாடை தொடங்கி மூன்றாம் நாள்.
மலையின் அடிவயிற்றில் கடல்
முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது.
மாலை அவையில் கேட்டிருந்தான் முந்நீர்வேள்,
"ஆள்வது எப்படி?"
ஒருவர் யானையை உவமை சொன்னார்.
ஒருவர் செங்கோல் ஏன் வளையாது என்பதைச் சொன்னார்.
கணியர், வியாழன் உச்சத்தில் நிற்பதைச் சொன்னார்.
எல்லாம் அழகாகத்தான் இருந்தது.
வெற்றிலையை மடித்தான் அரசன், வாயில் வைக்கவில்லை.
நள்ளிரவில் என் தோளைத் தொட்டு
"விளக்கெடு" என்றான்.

அகலில் இலுப்பெண்ணெய் கால் பங்கு.
போகக் காணும், வரக் காணாது.
சொல்ல வாயெடுத்தேன்.
அவன் நடக்கத் தொடங்கிவிட்டான்.

கீழே துறைக்கீரன்,
கொட்டியாரக் குடாவின் மீகாமன்.
நாற்பது குதிரைகளோடு வந்த அரச கலத்தை
மணல்திட்டில் ஏற்றிப் பிளந்தவன்.
விடிந்தால் கழு.

ஈரத் தரையில் அமர்ந்தான் அரசன்.
"நாளை நீ இல்லை.
ஆகவே என்னிடம் உனக்கு அச்சமும் இல்லை.
சொல், நான் எப்படி ஆள்கிறேன்?"

கீரன் சங்கிலியை இழுத்துக் கணுக்காலைத் தடவினான்.
"புகழ்ந்தால், உயிருக்குக் குழைகிறான் என்பீர்கள்.
இகழ்ந்தால், சாகிறவன் வயிற்றெரிச்சல்.
நடுவில் சொல்ல என்ன இருக்கிறது, கோவே?
வேண்டுமானால் காற்றைப் பற்றிப் பேசலாம்."

"பேசு."

"அன்றும் இதே வாடை.
மாவலி கங்கை புதுமணலைக் கடலில் தள்ளியிருந்தது.
திட்டு எங்கே நகர்ந்தது என்று பகலில்தான் தெரியும்.
தோணியில் உங்கள் ஓலை வந்தது:
இரவு பத்து நாழிகைக்குள் கரை தொடுக, நல்ல வேளை.
வேண்டாம் என்றேன்.
கலத்தலைவன் ஓலையைத் திருப்பிக் காட்டினான்.
உங்கள் சங்கு முத்திரை.
முப்பது ஆண்டு இந்தத் தண்ணீரைப் பார்த்த கண்
அந்த அரக்கைப் பார்த்துத் தாழ்ந்தது.
வேண்டாம் என்று ஒருமுறைதான் சொன்னேன்.
இரண்டாம் முறை சொல்லவில்லை.
அதுதான் குற்றம். அதற்குக் கழு சரி.
தீர்ப்போலையில் வேறென்னவோ எழுதியிருக்கிறதாம்,
அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள்."

அரசன் பேசவில்லை. திரி ஒருமுறை துடித்தது.

"குதிரைகள் வெளிச்சத்தை நோக்கித்தான் நீந்தின" என்றான் கீரன், பிறகு.
"உங்கள் வரவேற்புத் தீவட்டிகள் பாறை முனையில் எரிந்தன.
மணற்கரை இருட்டில் கிடந்தது."

பிழைத்தது ஒன்று.
இப்போதும் மலைமேல் மான்களோடு மேய்கிறது.
சேணத்தைக் கண்டால் அதன் தோல் முழுக்க நடுங்கும்.

ஏறினோம்.
நாற்பதாம் படியில் விளக்கு அணைந்தது.
எலும்பு கல்லில் மோதும் ஓசை, பிறகு அவன் குரல்:
"எண்ணெய் போதாது என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியாது, கோவே."

கீழே கடல் மூன்று முறை மோதியது.

"இரண்டாம் முறை கேட்கிறேன்" என்றான்.

அரசனைத் தொட்ட கைக்கு விரல் மிஞ்சாது என்பார்கள்.
இருட்டில் துழாவி அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.
எல்லோருடையதும் போலத்தான் வியர்த்திருந்தது.
"தெரியும்" என்றேன்.
"இன்னும் முப்பத்திரண்டு படி.
அடுத்தது உடைந்தது."

பழக்கத்தில் அவன் கால் தூக்கினான்.

"உடைந்தது" என்றேன் மறுபடி.

நின்றான்.